திருப்பி வாங்கிய கைநாட்டு

அன்று காலையில் மருதம்மாள் மடித்து அடுக்கிய பனியன்களில் நாலைந்து ஊதாக் கறையோடு இருந்தன. வெள்ளைப் பனியனில் கறை பட்டால் வீரபாண்டிக் கம்பெனியில் சும்மா விடுவார்களா? மேஸ்திரி ஒவ்வொன்றாக விரித்துக் காட்டிச் சத்தம் போட்டார். மடிக்கிற மேசையில் அவளைப்போலச் சுத்தமான கைக்காரி கிடையாது என்று பேர் வாங்கியவள் மருதம்மாள். யார் பார்த்த வேலை இது என்று அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம்தான் வேர்த்திருந்த தன் வலது கட்டைவிரல் கண்ணில் பட்டது. நகக்கண் வரைக்கும் ஊதா மை.

அந்த மையை அவள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். புருஷன் செத்த வருஷம், குன்னத்தூர்ப் பக்கம் இருந்த தோட்டத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும் என்று கொழுந்தன் ஒரு வெற்றுத்தாளை நீட்டினான். அவளும் நம்பிக் கட்டைவிரலை ஊன்றினாள். கிணறும் தென்னையுமாக இருந்த தோட்டம் அந்த ஒற்றை ஊன்றலில் கொழுந்தன் பேருக்குப் போய்விட்டது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீரபாண்டிக்கு வந்தவள், அதற்குப்பிறகு எழுத்தில்லாத தாளில் விரல் வைத்ததே இல்லை. கம்பெனிச் சம்பளத் தாளில்கூட, கணக்குப்பிள்ளை முழுக்க வாசித்துக் காட்டினால்தான் விரல் இறங்கும். அவரும் அலுத்துக்கொண்டே வாசிப்பார். அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும்.

அப்பேர்ப்பட்டவளுடைய விரலில், அவளுக்கே தெரியாமல் யாரோ மை தடவியிருக்கிறார்கள். அவள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர். குற்றவாளியைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளைத்தாளில் வீட்டு ஆள் கைநாட்டு கேட்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை நேற்றுச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. மத்தியானச் சங்கு ஊதியதும் சோற்றுப் போசியைத் திறக்காமல், மகள் வேலுமணி ஒன்பதாவது படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். கைநாட்டை வாங்குவது, பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவது, நாளைக்கே கம்பெனியில் பனியனுக்குக் கைமடிக்கச் சேர்த்துவிடுவது. வழியெல்லாம் இதுதான் மனசில் ஓடியது. பெண் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதே, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லத் தன் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான். அந்தப் பெண்ணே தூங்குகிறவளின் விரலைப் பிடித்து வெற்றுத்தாளில் ஊன்றினால் அப்புறம் எந்தப் படிப்பு எதற்கு? கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் காரணகர்த்தா சயின்ஸ் வாத்தியார் சனாவுல்லா. மனுஷன் தங்கமானவர், ஆனால் ஒரு இடத்தில் உட்காரமாட்டார். சயின்ஸ் என்றால் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற சமாச்சாரம் என்றிருந்த வகுப்பில், பருத்தி நூலையும் கம்பளி நூலையும் கொளுத்தி மோந்து பார்க்கச் சொன்னவர் அவர். கம்பளி பொசுங்கினால் மயிர் பொசுங்குகிற நாற்றம் என்பதை அந்தப் பிள்ளைகள் இனிச் சாகும்வரை மறக்காது. ஈர மண்ணில் பதிந்த செருப்புத் தடத்தைச் சுண்ணாம்புக் கட்டியாக வார்த்தெடுத்து, அது டிராயிங் வாத்தியாருடையது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அடுத்த ஏற்பாடு விரல்ரேகை.

எல்லாருக்கும் ஒரே அளவில் வெள்ளைத்தாள் நறுக்கிக் கொடுத்தார். வீட்டில் ஒரு ஆளுடைய கட்டைவிரல் ரேகையை மையில் எடுத்து வர வேண்டும், பேர் எழுதாமல் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அதே ஆள் தொட்ட டம்ளரைப் பிறகு கொண்டுவந்து, எந்த ரேகை யாருடையது என்று வகுப்பே துப்புத் துலக்கும். இதுதான் திட்டம். வகுப்பில் அவர் சொன்ன வார்த்தை ரேகை. அது தெருத் தாண்டி வீட்டுக்குப் போவதற்குள் கைநாட்டு ஆகிவிட்டது. கைநாட்டு என்றால் அம்மா வைக்கமாட்டாள் என்று வேலுமணிக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் விடிகாலையில், அம்மா அசந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து, வாத்தியார் கொடுத்தனுப்பிய மையோடு காரியத்தை முடித்துவிட்டாள்.

வெயிலில் வந்து நின்ற மருதம்மாளுக்கு வாத்தியார் முதலில் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். கண்ணாடி டம்ளரை இறுக்கிப் பிடித்து அண்ணாந்து குடித்துவிட்டு, அதை மேசையில் வைத்தாள். வைத்த சத்தத்தில் வகுப்பு அடங்கியது.

"எங்கைநாட்டத் திருப்பிக் குடுத்துப்போடுங்க" என்றாள். "வாங்கிக்கிட்டுப் புள்ளையக் கூட்டிக்கிட்டு நாம்பாட்டுக்குப் போயிருவனுங்க."

அது கைநாட்டு இல்லை, ரேகை என்று வாத்தியார் விளக்கப் பார்த்தார்.

"நீங்க என்ன பேரு சொன்னாலும் வெரலு என்னுதுங்க."

வாத்தியார், தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்ற வேலுமணியைப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் வாடிப்போனது. கேட்டு வாங்கி வரச் சொன்னேனே தவிர, திருடி வரச் சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னார். உடனே பெட்டியைத் திறந்து மேசையில் கொட்டினார். எல்லாம் ஒரே அளவுத் தாள், எல்லாவற்றிலும் ஒரு ஊதாப் பொட்டு, எதிலும் பேர் இல்லை. வேலுமணி கிளறிக் கிளறிப் பார்த்தும் எது தான் கொண்டுவந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

இதற்குள் ஹெட்மாஸ்டர் ஞானசம்பந்தம் வந்து சேர்ந்தார். அவர் எதையும் சட்டுபுட்டென்று முடிக்கிற ஆள். ஏதோ ஒரு தாளை எடுத்துக் கொடுத்து அனுப்புங்கள் என்று வாத்தியாரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மருதம்மாளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"ஏதோ ஒண்ணு எனக்கெதுக்குங்க? அது என்னுதுதான்னு எனக்குத் தெரியோணுமுங்க."

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு ஒரே வழிதான் உண்டு. அவள் இன்னொரு முறை விரலைப் பதித்தால், அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். வாத்தியார் தயங்கித் தயங்கி இதைச் சொல்லி, கையோடு ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துவிட்டார். மருதம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள், வாத்தியாரைப் பார்த்தாள், கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். போன கைநாட்டை மீட்க இன்னொரு கைநாட்டா? கொழுந்தனே தேவலாம் என்று தோன்றிவிட்டது அவளுக்கு.

அப்போதுதான் வேலுமணி வாயைத் திறந்தாள். "வெக்க வேண்டாமுங்கம்மா. நீங்க ஏற்கெனவே வெச்சாச்சு" என்று மேசை டம்ளரைக் காட்டினாள்.

வாத்தியார் முகத்தில் வெளிச்சம் வந்தது. தான் சொல்லிக் கொடுத்ததைத் தானே மறந்துபோய் நின்றதற்காகத் தலையில் தட்டிக்கொண்டார். ஆனாலும் டம்ளரைத் தொடவில்லை. தொடலாமா என்று மருதம்மாளைக் கேட்டார். பார்த்து முடித்ததும் கழுவித் தருவதாகச் சொன்னார். தன் விரலுக்கு ஒருத்தர் முன்கூட்டி அனுமதி கேட்பது அவளுக்குப் புதுசு. சரி என்று தலையாட்டினாள்.

வேலுமணி முகப்பவுடரை டம்ளர்மேல் லேசாகத் தூவி, டிராயிங் வாத்தியாரின் மெல்லிய பிரஷ்ஷால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவிவிட்டாள். டம்ளருக்குள் கறுப்புத்துணியைத் திணித்ததும் ஒரு கட்டைவிரல் வெள்ளையாக எழும்பி வந்தது. வகுப்பே மேசையைச் சூழ்ந்துகொண்டது. துணியில் நூல் எண்ணுகிற மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்றை வாத்தியார் எடுத்து முதலில் மருதம்மாளிடம்தான் கொடுத்தார். கம்பெனியில் செக்கிங் மேசையில் அவள் தினமும் பார்க்கிற சாமான்தான். குனிந்து பார்த்தாள். விரலுக்குள் இரண்டு சுழி, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன. மாட்டுக்குச் சுழி பார்த்து வாங்குகிற குடும்பத்தில் பிறந்தவள், தன் விரலில் சுழி இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

பிள்ளைகள் தாள்களைப் பிரித்தார்கள். ஒற்றைச் சுழி ஒரு பக்கம், வளைந்து திரும்பியவை ஒரு பக்கம், வில் மாதிரி மேடானவை ஒரு பக்கம். இரட்டைச் சுழி இரண்டே தாளில் இருந்தது. இரண்டையும் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதில் ஒன்றில் மட்டும் கோடுகளை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு வெள்ளைக் கீறல் ஓடியது. டம்ளரிலும் அதே இடத்தில் அதே கீறல், கறுப்பாக.

மருதம்மாள் தன் விரலைத் திருப்பிப் பார்த்தாள். சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு. அவளுடைய சொந்தத் தோட்டத்தில் அவளே விதைத்த சோளம்.

"தோட்டம்தான் கொழுந்தனோட போச்சுங்க. இது எங்கூடவே வந்துருச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். உலகத்தில் வேறு எவருக்கும் இந்த ரேகை கிடையாது என்று வாத்தியார் சொன்னார். அப்படியானால் தான் தொட்ட பனியனில் எல்லாம் தன் ரேகை இருக்குமா என்று கேட்டாள். துணியில் எடுப்பது கஷ்டம், ஆனால் தொட்ட இடமெல்லாம் ஏதோ ஒரு தடம் இருக்கத்தான் செய்யும் என்றார். கல்கத்தா வரைக்கும் போகிற பனியன்களை நினைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷமாக ஒருத்தரும் வாசித்துக் காட்டாமலே ஊரெல்லாம் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்கச் சிரிப்பாக இருந்தது.

தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். அத்தோடு முடிந்திருக்கும். ஹெட்மாஸ்டர்தான், திருப்பிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று ஒரு காகிதத்தை நீட்டி, வழக்கம்போல மைப்பெட்டியையும் பக்கத்தில் நகர்த்தினார்.

"இதத் திருப்பி வாங்கறதுக்கு எப்ப வரோணுமுங்க?" என்றாள் மருதம்மாள்.

சனாவுல்லா வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. ஹெட்மாஸ்டர் மைப்பெட்டியை மூடிவிட்டு, மகளே கையெழுத்துப் போடட்டும் என்றார். வேலுமணி காகிதத்தை எடுத்தாள். அம்மா கேட்காமலே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்துக் காட்டினாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். அந்த வாசிப்பில் மருதம்மாளின் கோபம் முக்கால்வாசி கரைந்துவிட்டது. மீதிக் கால்வாசியை வீட்டுக்கு எடுத்துப்போனாள், அது வேறு விஷயம்.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். இடுப்பிலிருந்த தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"கண்காட்சிக்கு வேணுமின்னா வெச்சுக்க கண்ணு. ஆனா வெத்துத் தாளா இருக்கப்படாது. வெரலச் சுத்தி இண்டு இடுக்கு இல்லாம எழுதிப்போடு. ஒருத்தனும் ஒரு எழுத்துச் சேத்தற மாதிரி இருக்கப்படாது."

என்ன எழுதுவது என்று வேலுமணி கேட்டாள்.

"என்னத்தையோ எழுது. எனக்கு வாசிச்சுக் காட்டு."

கண்காட்சி அன்று வீரபாண்டியே பள்ளிக்கூடத்தில் கூடியது. மற்ற ரேகைகளெல்லாம் வெள்ளைத்தாளில் ஒற்றைப் பொட்டாகக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஊதாக் கட்டைவிரலைச் சுற்றி எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. இது என் அம்மா மருதம்மாளின் வலது கட்டைவிரல், கண்காட்சிக்கு மட்டும் சம்மதித்துக் கொடுத்தது என்று அது தொடங்கியது. இரட்டைச் சுழி, சோளத்தட்டு அறுத்த தழும்பு, தோட்டத்துக் கிணறு, எத்தனை தென்னை, எல்லாம் வரிசையாக வந்தன. அப்படியும் கீழே ஒரு மூலையில் இடம் மிச்சமிருந்ததால் பதினாறாம் வாய்ப்பாட்டை எழுதி அடைத்திருந்தாள்.

மருதம்மாள் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். பார்க்க வந்தவர்களை, முழுக்க வாசித்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று நிறுத்தி வைத்தாள். வாய்ப்பாட்டையும் விடவில்லை.