விழுவதற்கு ஒரு மெத்தை

சவப்பெட்டிக்குள் குனிந்த பெண் எலியேசரின் கன்னத்தை ஒரு விரலால் மெல்லத் தட்டினாள். பிறகு சற்றுப் பலமாகத் தட்டினாள்.

"எழுந்திருக்க மாட்டாரா?" என்று பக்கத்தில் நின்ற யுரானிஸைக் கேட்டாள். "நிஜமாவேவா?"

"நிஜமாத்தான்."

"தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு பஸ் மாறி வர்றேன். இதுவும் விளையாட்டாத்தான் இருக்கும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே கைபேசியை உயர்த்தி, பெட்டியும் தானும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். செத்தவரின் மகள் யுரானிஸ் அதைத் தடுக்கவில்லை. எந்த வாயால் தடுப்பாள்?

கொலம்பியாவின் பரான்கீயா நகரத்தில் காலை ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் தொடங்கிய வரிசை தெருமுனை ரொட்டிக்கடையையும் தாண்டிவிட்டது. எலியேசர் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை ஞாபகம் வைத்திருந்தவை நாய்கள் மட்டும்தான். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோது, ஒருநாள் யுரானிஸ் தன் புதுச் செருப்பின் விலையைச் சொன்னாள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நூபியா, பெட்டிக்குச் சொல்லிடு" என்று சரிந்தார். சமையலறையிலிருந்து அம்மா நூபியா, "எந்த மரத்துல?" என்று குரல் கொடுத்தாள்.

யுரானிஸ் அதைக் கைபேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்புறம் வாரம் மூன்று சாவு. தக்காளி விலைக்குச் செத்தார், பல் டாக்டர் கேட்ட தொகைக்குச் செத்தார். விழுவதற்கு முன்னால் சோபா மெத்தையைக் காலால் பின்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்வார். அது படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வது யுரானிஸின் பொறுப்பு. கடைத்தெருவில் ஜனங்கள் வழிமறித்து விழச் சொன்னபோது முதலில் கூச்சப்பட்டார். போகப்போக, யாரும் கேட்காத நாளில் முகம் வாடி வீடு திரும்பினார்.

எதிர்வீட்டு எதில்சா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு யுரானிஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாவிடி. நேத்து நீ ஓடி வந்து கதவைத் தட்டினப்போ, 'போன வாரமே பாத்துட்டேன், போடி'ன்னு சிரிச்சேனே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா? விடுங்க."

ஆறுதல் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. அதை நினைக்க யுரானிஸுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. சாவு வீட்டு வழக்கப்படி முகக்கண்ணாடிகளை எல்லாம் எதில்சாவே வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தாள். யுரானிஸின் கைபேசியை மூடச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. விடியற்காலையில் அதை எடுத்துப் பார்த்தபோது, அவளைப் பின்தொடர்கிறவர்கள் நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நூபியா மகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நேத்து விழுந்தப்போ, முழுசாச் சொன்னாரா?"

"எதைம்மா?"

"பெட்டிக்குச் சொல்லிடுன்னு. எப்பவும் சொல்ற மாதிரி முழுசா."

"சொன்னார்மா."

பொய்தான். உண்மையைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். நூபியா தலையை ஆட்டிவிட்டு, கைக்குட்டையால் கணவரின் நெற்றியை ஒற்றினாள். அதில் வியர்வை ஒன்றும் இல்லை.

நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் இருநூறு பேராவது நின்றார்கள். பாதிரியார் ஜெபத்தை முடித்ததும் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் ஆள், உண்மையான பிரியத்தோடுதான், கத்தினான்.

"நூபியா, பெட்டிக்குச் சொல்லிடு."

"எந்த மரத்துல?" என்றது மொத்தக் கூட்டமும். சொல்லிவிட்டு அழுதார்கள், அழுதுகொண்டே கைதட்டினார்கள். யுரானிஸ் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீடு திரும்பியதும் நூபியா கூடத்து ஜெபப் பீடத்திலிருந்த தண்ணீர் டம்ளரை மாற்றி வைத்தாள். போனவருக்குத் தாகம் எடுத்தால் குடிக்க, ஒன்பது நாளைக்கு அது அங்கே இருக்கும். பக்கத்தில் எலியேசரின் படம். ஓய்வு பெற்ற அன்று எடுத்தது, சிரிக்காத படம். அதைப் பார்த்ததும் யுரானிஸால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அப்பா நேத்துத் தோள்பட்டை வலிக்குதுன்னார். 'இன்னைக்கு வேண்டாம்மா'ன்னார். நான்தான் 'ஒரே ஒரு தடவைப்பா, காத்துக்கிட்டு இருக்காங்க'ன்னு நிக்க வெச்சேன்."

நூபியா திரும்பிப் பார்த்தாள்.

"மெத்தையைத் தள்ளிப் போட்டுக்காம விழுந்தார்மா. நான் பாத்தேன். மெத்தை இல்லைன்னு தெரிஞ்சுது. இன்னைக்கு நல்லா விழுந்திருக்கார்னு நெனைச்சேன். பத்தொன்பது வினாடி படம் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

"குடு அதை."

பாரத்தை இறக்கினால் போதும் என்ற அவசரத்தில் யுரானிஸ் கைபேசியை நீட்டிவிட்டாள். காலையில் அம்மா ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாள் என்று அவள் அதுவரை யோசிக்கவே இல்லை. அப்போதும் தன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திரையில் எலியேசர் தரையில் கிடந்தார். கன்னம் தரை ஓட்டின்மேல் அழுந்தியிருந்தது. கண் சமையலறைப் பக்கம் பார்த்தது.

"நூபியா," என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் சொல்லவில்லை. வாய் மட்டும் ஒருமுறை திறந்து மூடியது. உள்ளேயிருந்து, வெங்காயம் அரிகிற சத்தத்துக்கு நடுவே, உற்சாகமான குரல் வந்தது.

"எந்த மரத்துல?"

பிறகு யுரானிஸ் சிரிப்பை அடக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

நூபியா இன்னொரு முறை போடச் சொல்லவில்லை. கைபேசியைத் திரை தெரியாமல் பீடத்தின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கார்," என்றாள்.

"அம்மா..."

"நாளைக்கு ஜெபத்துக்கு ஆளுங்க வருவாங்க. சக்கரை இருக்கா பாரு."

யுரானிஸ் சமையலறைக்குப் போய் டப்பாவைத் திறந்தாள். பாதிக்கு மேல் இருந்தது. பக்கத்துப் பலகையில், நேற்று அரிந்த வெங்காயம் காய்ந்து சுருண்டு கிடந்தது. அதை எடுத்துப் போடவும் அவளுக்குக் கை வரவில்லை.

அவள் திரும்பி வந்தபோது நூபியா சோபா மெத்தையை உருவிக் கூடத்தின் நடுவில் போட்டிருந்தாள். சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காலால், இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்தாள்.