பவோராவுக்குப் பதில் சொல்ல ஆளில்லை

பவோரா இறந்த மூன்றாம் நாள் காலை பேருந்து ஒன்று வந்து நின்றது. கறுப்பு உடுத்தி, தலையில் பச்சிலை சுற்றிய முப்பது பேர், மாவோரிகளின் ஊர்க்கூடமான மராயின் முற்றத்துக்குள் அழுதுகொண்டே நடந்து வந்தார்கள். கூடத்தின் வாசலில், திறந்த பெட்டியில் பவோரா கிடந்தார்.

வந்தவர்களில் உயரமான ஒருவர் எழுந்து, பெட்டியைப் பார்த்து மாவோரியில் பேசினார். கெஞ்சினார், கோபித்தார், கடைசியில் பாடினார். பாடி முடித்து உட்கார்ந்தார். இனி முறைப்படி வீட்டார் தரப்பில் ஒருவர் எழுந்து அதே மொழியில் பதில் சொல்ல வேண்டும். எப்போதும் சொல்கிறவர் இடுப்பெலும்பு முறிந்து ரோட்டொருவா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எல்லோரும் பவோராவின் ஒரே மகன் டிபேனேயைப் பார்த்தார்கள்.

மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன் டிபேனே. எழுந்தான். வணக்கம் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மாவோரி பேசியதற்காகப் பிரம்படி வாங்கியவர் பவோரா. பிள்ளைகளுக்கு அந்த அடி வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலம்தான். டிபேனே படித்த பள்ளியிலும் அந்த மொழி இல்லை. உட்கார்ந்துவிட்டான்.



அந்த உயரமான மனிதரே எழுந்து, முற்றத்தைக் கடந்து வந்து, வீட்டார் பெஞ்சில் டிபேனேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வீட்டார் சார்பில் பவோராவை வழியனுப்பினார். பெண்கள் விம்மினார்கள்.

"அக்கா, அப்பாவப் பத்தி என்ன சொல்றாரு?" என்று டிபேனே மெல்லக் கேட்டான்.

மெரேயானா தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு மட்டும் தெரியுமாடா?"

அடக்கம் முடிந்து விருந்தும் முடிந்தது. சமையற்கட்டில் ரிபெக்கா டீச்சர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் முன்பு, தினமும் ஒரு மணி நேரம் மாவோரி சொல்லித் தருகிறேன் என்று ஊர்ப் பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் கேட்டவள் அவள். 'மரம் வெட்டுற மிஷின் மாவோரி கேக்காது டீச்சர்' என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்து, வேண்டாம் என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் டிபேனே. அவனுடைய பிள்ளைகள் இரண்டும் அந்தப் பள்ளியில்தான்.

டிபேனே உள்ளே வந்து, துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தான். அந்த வகுப்பை இப்போது ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டான்.

"ஹாமில்டன்ல வேல கெடச்சிருச்சு. அடுத்த மாசம் கெளம்புறேன்," என்றாள் டீச்சர். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்கு வலித்தது.

"வேற ஆளத் தேடுறேன். இந்தத் தடவ கூட்டத்துல நான்தான் கேப்பேன்." துடைத்த தட்டையே மறுபடி துடைத்தான். "வேலைக்கு உதவாத மொழின்னு சொன்னேன். பெத்த அப்பன அனுப்பிவைக்க அந்த மொழிதான் வேண்டியிருந்துச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு அதக் குடுக்கலன்னா, நாளைக்கு நம்ம பொட்டி முன்னாடியும் ஊரான்தான் பேசணும், டீச்சர்."