எழுபது கிலோமீட்டர்

அன்று காலை, கனடாவின் வடகோடிப் பனிப்பகுதியில், இக்லூலிக் விமான நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அமாருவாலிக், அவர் மனைவி சியாசி, பயணச்சீட்டு மேசையில் அவருடைய தம்பி மகன் ஜோவனாசி, தடுப்பூசி போட வந்துவிட்டுத் திரும்பும் ஒரு நர்ஸ். அமாருவாலிக் விமானம் ஏறியதை ஐந்தாவதாக யாராவது தானும் பார்த்ததாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பக்கத்து ஊரான சனிராஜாக் எழுபது கிலோமீட்டர். விமானத்தில் பதினைந்து நிமிடம். அமாருவாலிக்கின் குடும்பத்தில் யாரும் அந்தத் தூரத்தைப் பறந்து கடந்ததில்லை. அவருடைய அப்பா நாய்வண்டியில் ஒன்றரை நாளில் போனார். அமாருவாலிக் பனி ஸ்கூட்டரில் ஐந்து மணி நேரத்தில் போவார். பக்கத்து ஊருக்குப் போக விமானமா என்று ஊர்க்கூட்டத்திலேயே கேட்டவர். இப்போது ஜூலை. கடல்பனி வெடித்துக் கிடந்தது. படகு போக இன்னும் மூன்று வாரமாவது ஆகும்.

அங்கே மகள் லேயாவுக்கு ஆண் குழந்தை பிறந்து ஆறு வாரம். இறந்துபோன அமாருவாலிக்கின் தாயின் பெயரை, நௌயாக் என்று, அதற்கு வைத்திருந்தார்கள். ஆணோ பெண்ணோ, பெயர் வந்துவிட்டால் ஆளே வந்தது போல. அவர் அந்தக் குழந்தையை அம்மா என்றுதான் அழைக்க வேண்டும். ஆனால் அது ஓயாமல் அழுதது. பெயர் பொருந்தவில்லை, எங்கள் பக்கத்துப் பெயரை வைப்போம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சுக் கிளம்பியது.

"அப்பா, உங்கம்மா உங்களத் தேடி அழறாங்க," என்று லேயா முந்தைய நாள் தொலைபேசியில் சொன்னாள். "வீம்பு புடிச்சிட்டு இருந்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை வேற பேரு வெச்சிடுவாங்க."

மேசை முன் அவர் சாமான்களை இறக்கினார். கலைமான் தோல் படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ், மூன்று நாளைக்கு உறைமீன்.

"பெரியப்பா, பதினஞ்சு நிமிஷத்துக்கு எதுக்கு மூணு நாள் சாப்பாடு?"

"பயணம்னா பயணந்தாண்டா. உங்க பைலட்டுக்கும் சேத்துதான் எடுத்திருக்கேன்."

"ஸ்டவ்வ ஏத்த விடமாட்டாங்க."

"இப்படிக் குடுங்க," என்று சியாசி அதை வாங்கிக்கொண்டாள். "வானத்துல கால் வெக்கமாட்டேன்னவரு, குடித்தனத்தோட கிளம்பிட்டாரு."

விமானத்தில் அவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கீழே உடைந்த பனிக்கு நடுவே தெரிந்த கரையெல்லாம் அவர் கால் பட்ட இடங்கள். சறுக்குவண்டி உடைந்து இரண்டு இரவு தங்கிய முனை, அப்பா முதல் பனிக்கடல் யானையை அடித்துக் கொடுத்த விரிகுடா. ஒன்றின் பெயரை வாய்க்குள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அப்பாவும் பார்த்ததில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வரவில்லை.

சனிராஜாக்கில் லேயா முதுகுப்பையில் குழந்தையோடு நின்றாள். பக்கத்தில் சம்பந்தியம்மாள், கைகட்டிக்கொண்டு. அமாருவாலிக் இருவருக்கும் தலையசைத்துவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கினார்.

"அம்மா, வந்துட்டேன்," என்றார். "லேட்டாயிடுச்சு. திட்டறதுன்னா திட்டு."

அவர் கை பட்டதுமே குழந்தை அடங்கிவிட்டது என்று இரண்டு ஊரிலும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அடங்கவில்லை. அவர் பறந்து வந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் கத்தியது. பிறகுதான் அவர் கட்டைவிரலைப் பிடித்தபடி தூங்கியது. கையை அசைக்க அவருக்கு மனமில்லாததால், சம்பந்தியம்மாள்தான் தேநீர்க் கோப்பையை அவர் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.