ஹிருகவா நீக்கிய எழுத்துமாற்றி

அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. கூடத்துத் திரைச்சீலையை நான் விலக்குவது வெளிச்சத்துக்காக. எதிரே ஹிருகவாவின் ஜன்னல் இருந்தால் அதற்கு நானா பொறுப்பு?

ஹிருகவா முப்பத்தெட்டு வருடம் ரயில் ஓட்டியவர். ஓட்டுநர்கள் ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டி, "சிக்னல், சரி" என்று வாய்விட்டுச் சொல்வார்கள் இல்லையா, ஓய்வு பெற்றும் அது அவரை விடவில்லை. குளிர்பதனப் பெட்டியை மூடினாலும் "கதவு, சரி" தான்.

சனிக்கிழமை காலை மடிக்கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினார். பிறகு விரலை நீட்டி, "எழுத்துமாற்றி நீக்கம், சரி" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஒலியைத் தட்டினால் முறையான ஜப்பானிய எழுத்தாக மாற்றித் தருவது அந்த மென்பொருள்தான். அன்று மதியம் அதே கணினியில்தான் தெரு மன்றத்தில், முன்னோர்களுக்காகக் கோடையில் ஆடும் 'போன்' நடனத்துக்கான அறிவிப்பு தயாராக வேண்டும். மன்றத்துக் கணினி மழைக்காலத்திலேயே உயிரை விட்டிருந்தது.

வீடு வீடாகக் கைமாறும் சுற்றறிக்கைப் பலகையைக் கொடுக்கும் சாக்கில் போய் விசாரித்தேன். மனிதர் தடுமாறி உண்மையைச் சொல்லிவிட்டார். எங்கள் தெரு மாத இதழின் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் மூன்று வரியில் கிண்டலடிக்கும் 'மாடிப் பூனை' அவரேதானாம். எழுத்துமாற்றியோ, ஒருமுறை எழுதிய வரியை மறப்பதில்லை. முதல் எழுத்தைத் தட்டியதுமே முழு வரியையும் எடுத்து நீட்டும். மன்றத் தலைவி மிசோகுச்சி தட்டும்போது நீட்டினால்?

"பக்கத்தையே மூடிடுவாங்க, நெகிஷி சான். அது போச்சுன்னா எனக்கு மாசம் முப்பது நாளும் ஞாயித்துக்கிழமைதான். வெளிய சொல்லிடாதீங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மதியத்துக்குள் நேரம் கிடைக்கவில்லை.

மன்றத்தில் நாங்கள் மூவர்தான். தலைவி தட்டத் தட்ட ஆங்கில எழுத்துதான் விழுந்தது. பழுது போலிருக்கிறது, கையாலேயே எழுதித் தருகிறேன் என்றார் ஹிருகவா.

"உங்க கையெழுத்த போன வருஷமே பாத்தாச்சு," என்றார் தலைவி. "பாதி ஜனம் தப்பான தேதில வந்து நின்னுச்சு. அந்த எழுத்துமாற்றிய மறுபடி ஏத்துங்க. பக்கத்துலயே நிக்கிறேன்."

மறுபடி கறுப்புத் திரை, ஒரு வரி, கடவுச்சொல். எழுத்துகள் கடகடவென ஓடி நின்றன. "நிறுவல், சரி," என்றவர், என் பக்கம் சாய்ந்து, புதிதாக ஏற்றியது, பழைய ஞாபகம் எதுவும் இருக்காது என்று கிசுகிசுத்தார்.

அங்கேதான் கோட்டை விட்டார். மென்பொருளை நீக்கினாலும் அது கற்றுக்கொண்ட சொற்கள் அவருடைய கோப்புறையின் ஒரு மூலையில் பத்திரமாகக் கிடக்குமாம். எல்லாவற்றுக்கும் விரல் நீட்டியவர் அதற்கு மட்டும் நீட்டவில்லை.

'தலைவி' என்று எழுதத் தொடங்கினார் மிசோகுச்சி. இரண்டு எழுத்துதான். திரையில் ஒரு வரி வந்து குந்தியது: தலைவி பேசினால் குப்பைமேட்டுக் காகம் அடுத்த ஊர் போகும்.

ஹிருகவா தன் காலுறையையே பார்த்தபடி நின்றார். தலைவி அதை இரண்டு முறை படித்தார்.

"பூனை நீங்கதானா? எங்க வீட்டுக்காரர் இத வெட்டி ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சுருக்கார். தினமும் என்னப் பாத்து ஒரு சிரிப்பு."

"மன்னிச்சுக்குங்க. இதோட நிறுத்திடறேன்."

"நிறுத்தினா அந்த மனுஷன் காலைல எதப் பாத்து சிரிப்பார்? அறிவிப்புக்குக் கீழயும் மூணு வரி போடுங்க. பூனையாவே இருங்க, நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்." சொல்லிவிட்டு என்னைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

சுவை கண்டுவிட்ட தலைவி, வேறோர் எழுத்தைத் தட்டினார். வந்தது: எதிர்வீட்டுத் திரைச்சீலை, காற்று வருமுன்னே தானாய் அசையும்.

மே மாத இதழில் வந்த வரி. முனை வீட்டு உவோசுமியைத்தான் சொல்கிறார்கள் என்று நான்தான் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். உவோசுமி வீட்டுக்கு எதிரே இருப்பது வெறும் வாய்க்கால். ஹிருகவா வீட்டுக்கு எதிரே இருப்பது ஒரே ஒரு வீடு.

"என்ன நெகிஷி சான்," என்றார் தலைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரகசியம் பத்திரமா இருக்கும்ல?"

"இருக்கும்," என்றேன்.

ஹிருகவா தன்னையறியாமல் என் பக்கம் விரலை நீட்டினார். "நெகிஷி சான், சரி," என்றார்.