சங்கத்துச் சாட்சி

"நாளைக்குப் பொதுக்குழுவுல நீ எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சொக்கு. அன்வர் அரிசி மூட்டையத் தூக்கிட்டுப் போனதக் கண்ணால பார்த்தேன்னு."

சங்கத் தலைவன் முத்துராஜ் இதைச் சொன்னபோது சொக்கலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. ஏசி ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தமானின் மாயாபந்தர் துறைமுக ஜெட்டியில் சரக்கு இறக்குபவர்களின் சங்க அலுவலகம் அது.

"மூட்டை காணாமப் போன அன்னைக்கு அன்வர் ஷிப்புக்குள்ள என்கூடத்தான இருந்தான், முத்து?"

"தெரியும். எலெக்‌ஷன் வைக்கணும்னு எல்லாரையும் கிளப்பி விடுறான்ல. அவன விட்டா சங்கம் ரெண்டாயிரும். பழைய கான்ட்ராக்டர் திரும்பி வரணுமா உனக்கு?"

பழைய கான்ட்ராக்டர் விடியற்காலையில் கேட்டில் நின்று விரலை நீட்டுவான். விரல் யாரைக் காட்டுகிறதோ அவனுக்குத்தான் அன்று வேலை. எதிர்த்துப் பேசியவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவனை எதிர்த்து முத்துராஜ்தான் எல்லோரையும் கேட்டின் முன்னால் மழையில் போராட்டத்துக்கு உட்கார வைத்தான். போலீஸ் பிடித்துப் போனபோது லாக்கப்பில் கிடைத்த ஒரே போர்வையைக் காய்ச்சலில் நடுங்கிய சொக்கலிங்கத்துக்குப் போர்த்திவிட்டு, வெறும் உடம்போடு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். போராட்டக் கஞ்சியைக் கடைசி ஆளாகத்தான் குடித்தான். கான்ட்ராக்டர் ஓடியபோது முத்துராஜைத் தோளில் தூக்கியவர்களில் சொக்கலிங்கமும் ஒருவன்.

இப்போது கேட்டில் நின்று விரல் நீட்டுபவன் முத்துராஜ். தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அவன் மகள் கல்யாணத்துக்கு வராதவனுக்குக்கூட வேலை இல்லாமல் போனது. நம்ம முத்துதானே என்று சொக்கலிங்கம் பேசாமல் இருந்தான். தனக்கு வேலை தவறியதே இல்லை என்பதும் அவனுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டில் மனைவி மங்கையர்க்கரசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்வர் பொண்டாட்டி ரஷீதா மாசமா இருக்கா. இன்னைக்குத்தான் மீன் குழம்பு கேட்டு வாங்கிட்டுப் போனா."

பொதுக்குழுவில் சொக்கலிங்கம் எழுந்து மைக்கைப் பிடித்தான். "அன்வர் எதையும் எடுக்கல. அன்னைக்கு என்கூடத்தான் இருந்தான். பொய் சொல்லச் சொன்னது முத்துதான்."

முத்துராஜின் முகத்தில் ஒரு கணம் பழைய முத்து வந்து போனதுபோல் இருந்தது. பிறகு அவன் சிரித்தான்.

"பஸ், ஹோ கயா. போதும், முடிஞ்சுது. மைக்க வாங்குங்கப்பா. இவனையும் வெல பேசிட்டானுங்க. சங்கம் வேணும்னு நெனைக்கிறவங்க கையத் தூக்குங்க, ரெண்டு பேரையும் நீக்கிருவோம்."

ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. லாக்கப்பில் கூட இருந்த குழந்தைவேலுவின் கையும் எழுந்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை மெயின்லேண்டிலிருந்து சரக்குக் கப்பல் வந்தது. சொக்கலிங்கமும் அன்வரும் கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள்.

"வீட்டுக்குப் போங்கண்ணே. என்னால உங்களுக்கும் போச்சு," என்றான் அன்வர்.

"இருடா."

கப்பலின் கிரேன் வலையில் கட்டிய முதல் மூட்டைகளைத் தூக்கி ஜெட்டிக்கு மேலே கொண்டுவந்தது. கொக்கியைக் கழற்றவேண்டியவன் குழந்தைவேலு. அவன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற இருவரையும் பார்த்தான். முத்துராஜ் "சலோ, சலோ" என்று கத்தினான். குழந்தைவேலு தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். நின்ற இடத்திலேயே நின்றான். பின்னால் இருந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். மூட்டைகள் அவர்கள் தலைக்கு மேலே காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.