ஆமையின் இடது கதவு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கணவர் ஹாரனை ஒரு தட்டுத் தட்டினார். அவள் ஈரக் கையை உதறிக்கொண்டே வெளியே வந்தாள்.

"எப்படி இருக்கு? சொல்லு."

வெயில் நேராகக் கதவின்மேல் விழுந்திருந்தது. முப்பது வருஷத்துப் பச்சை வண்டி. முதல் நாள்தான் பெயின்ட் அடித்த இடது கதவு மட்டும் ஒரு படி அடர்த்தியாக, வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்கு."

"ஒரே மாதிரி இருக்கா?"

"ஒரே மாதிரிதான் இருக்கு. கடைக்கு நேரமாகலையா உங்களுக்கு?"

முகமெல்லாம் சிரிப்பாக, பெயின்ட் இன்னும் நன்றாகக் காயட்டும் என்று வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நடந்து போனார். இப்போது சொன்னால் முகம் வாடிப்போகும், சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள்.

தெருக்கோடியில் அவருடைய தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. பதினொன்றே முக்காலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்தார். மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தவர், எழுந்த இடத்திலேயே சரிந்துவிட்டாராம். அவள் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை; ஸ்க்ரூ டிரைவர் மட்டும் கையிலேயே இருந்தது.

அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். சிக்னலில் மேல் விளக்கு எரிந்தால் நிற்பார், கீழ் விளக்கு எரிந்தால் கிளம்புவார். ஒருத்தருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தப் பழைய வண்டிக்கு அவர் 'ஆமை' என்று பேர் வைத்திருந்தார். அதன் இடது கதவு அடியில் துருப்பிடித்து உதிர்ந்ததும், பழைய சாமான் கடையில் அலைந்து அதே மாடல் கதவு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அதிர்ஷ்டத்தைப் பாரு, கலர்கூட ஏறக்குறைய ஒத்துப்போச்சு."

அது செங்கல் சிவப்பு. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்ன, இல்லையா?" என்று அவர் அப்பாவியாகக் கேட்கக் கேட்க இன்னும் சிரித்தாள். கடைசியில் அவரும் சேர்ந்து சிரித்தார். "சரி, இனிமே கலர் விஷயம் உன் பொறுப்பு. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடிக்கிற கண்ணாச்சே."

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வீட்டில் அவர் அவளைக் கூப்பிடுவதே 'புள்ளி' என்றுதான்.

பெயின்ட் கடையில் நிறம் பார்க்க, பெட்ரோல் டாங்க்கின் வெளிமூடியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே இரண்டு அட்டைகளில் மாதிரி அடித்து, ஒன்று, இரண்டு என்று எண் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவற்றையும் மூடியையும் அவள் மேஜைமேல் பரப்பினார். அவள் முன்னால் ஒரு கையகராதியின் புரூஃப். மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும்.

"புள்ளி, கொஞ்சம் பாரேன்."

"அப்படி வைங்க."

"ரெண்டுல எது?"

டியூப்லைட் வெளிச்சத்தில் அரைக் கண்ணால் பார்த்தாள். பென்சில் நுனியால் முதல் அட்டையைத் தொட்டாள். "இது."

"நிச்சயமா?"

"இதுதாங்க. என்னை விடுங்க, பகர வரிசை முடியவே மாட்டேங்குது."

அவர் இரண்டாம் அட்டையை இரண்டாக மடித்துக் குப்பையில் போட்டார். ஆக மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இரண்டு மாதம் கழித்து, வண்டியைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கொழுந்தன் பார்க்க வந்தான். சுற்றிச் சுற்றி வந்தவன் இடது பக்கம் நின்றுவிட்டான்.

"என்ன அண்ணி இது, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி? அண்ணனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

கேலியாகத்தான் சொன்னான், அண்ணன் இருந்தால் முகத்துக்கு நேரேயே சொல்லியிருப்பான். தன் வாயால் வந்த தப்புக்கு அவர் பேச்சு வாங்கக் கூடாது என்று அவளுக்குப் பட்டது. கொழுந்தன் திரும்பி வருவதற்குள் கதவைச் சரிசெய்துவிட வேண்டும். "அடுத்த வாரம் வந்து எடுத்துக்கோ" என்று அனுப்பிவிட்டு, டாங்க் மூடியைக் கழற்றினாள். இரண்டு ஸ்க்ரூ. அதில் ஒன்றுக்கு மரை தேய்ந்து வெகுநாளாயிற்று. ஊரார் மெஷினையெல்லாம் ஓடவைத்த மனுஷன், இந்த ஒரு ஸ்க்ரூவை மாற்ற நாளைக்கு நாளைக்கு என்று பத்து வருஷம் ஓட்டிவிட்டார்.

பெயின்ட் கடையில் கலந்து கொடுப்பவருக்கு நகத்துக்கு நகம் வேறு வேறு நிறம். மூடியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஆமை வண்டிதானேம்மா? சார் வரலையா?"

நடந்ததைச் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ரெண்டாம் நம்பர்தான் சரின்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேம்மா. 'வீட்டுல பார்த்துச் சொல்லிட்டாங்க, அவங்க கண்ணு தப்பாது'ன்னுட்டாரு. கையைப் பிடிச்சு வெயிலுக்கு இழுத்துட்டுப் போயி, மூடியைப் பக்கத்துல வெச்சுக் காட்டினேன். பார்த்தாரு, சிரிச்சாரு. 'எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்பா'ன்னாரு. வீட்டுக்காரம்மாவுக்கு ரொம்பத்தான் பயப்படறாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

வாழ்நாளெல்லாம் மூடி வைத்திருந்ததை அவர் வெளியே ஒருத்தரிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதுவும் அவளை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்காக.

அவள் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு பெயின்ட்காரர் மூடியைத் திருப்பினார். உள்பக்கத்து அழுக்கைப் பஞ்சால் துடைத்தார். சூரியனே படாத அந்த இடத்தில் அடர்ந்த பச்சை பளிச்சென்று தெரிந்தது.

"இங்க பாருங்க. வண்டி கம்பெனியிலேருந்து வந்தப்போ இதுதான் கலர். முதல் அட்டை இந்தக் கணக்குல கலந்தது. ரெண்டாவதுதான் வெளுத்ததுக்குத் தகுந்த மாதிரி நான் மாத்தினது. நியாயமாப் பார்த்தா நீங்க சொன்னதுதாம்மா அசல். கதவு சரியா இருக்கு, வண்டிதான் வெளுத்துப்போச்சு."

ஆறுதலுக்குச் சொன்னார். அவளுக்கும் அது புரிந்தது. ஆனால் படிக்காமலே 'சரி' என்று கையெழுத்துப் போட்ட பக்கத்தில் பிழையே இல்லாமல் போனாலும், படிக்கவில்லை என்பது போட்டவளுக்குத் தெரியும். கணவர் கேட்டது அசல் நிறத்தை அல்ல. ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

"ரெண்டாம் நம்பர் கலந்து தரவா? அரை மணி நேரம் ஆகும்."

அந்தக் கதவை மாற்றி அடித்தால் தெருவில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆனால் 'இப்போ ஒரே மாதிரி இருக்கா?' என்று கேட்க ஆள் இல்லை. தன் தப்பைத் தடம் தெரியாமல் துடைப்பது வேறு, அவர்மேல் விழும் பேச்சைத் தன்மேல் வாங்கிக்கொள்வது வேறு என்று அவளுக்குத் தோன்றியது.

"வேண்டாங்க. மூடியைக் குடுங்க."

அடுத்த வாரம் கொழுந்தன் சாவி வாங்க வந்தான். "கதவு அப்படியேதான் இருக்கா?"

"அந்தக் கலரைச் சொன்னது நான். உங்க அண்ணன் ரெண்டு தடவை கேட்டாரு. நான் சரியாப் பார்க்கலை."

"நீங்களா? உங்க கண்ணுக்கா அண்ணி?"

"என் கண்ணுக்குத்தான்."

அவன் டயர்களுக்குக் காற்று அடிக்கப் போனான். அவள் டாங்க் மூடியை எடுத்துவந்து, குனிந்து பொருத்தினாள். ஒரு ஸ்க்ரூ இறுகியது. இன்னொன்று எப்போதும்போல, எத்தனை திருகினாலும் பிடிக்காமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது.