கொடம் வெச்சாச்சு

யுவராணிக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம் பேசும். அன்று சாயங்காலம் கரையான்சாவடியில் அவள் வீட்டு அடுக்களையில் கரண்டியும் தட்டும் ஒன்றையொன்று வைதுகொண்டிருந்தன. அவள் கணவன் உதயகுமார், ஏசி மெக்கானிக், கூடத்தில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று கேட்க அவனுக்குத் தைரியமில்லை. கேட்கத் தேவையும் இல்லை, எல்லாம் அவன் காதுபடத்தான் நடந்தது.

‘கிணத்துக்கோட்டை’ என்று ஓர் ஆட்டம். போனில் ஆடுவது. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், அவரவர் வீட்டில் இருந்தபடியே ஆடலாம். கோட்டைக்கு நடுவில் ஒரே ஒரு கிணறு. அதில் குடத்தை நிரப்பித் தூக்கிக்கொண்டு ஓடித் தங்கள் தொட்டியில் ஊற்ற வேண்டும். யார் தொட்டி முதலில் நிறைகிறதோ அவர்களுக்கு வெற்றி. வழியில் கழியால் அடித்துக்கொள்ளலாம், அடிபட்டவன் கோட்டை வாசலுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். ஆனால் குடத்தைத் தூக்கிய கையில் கழி நிற்காது. குடத்தை இறக்கி வைத்துக் கழியை எடுப்பதற்குள் ஆள் காலி.

இந்த ஆட்டத்தில் யுவராணி பெரிய கை. பெயர் யுவராணி என்று போடவில்லை, ‘ரணகளம்’ என்று போட்டிருந்தாள். ஐயப்பன்தாங்கல் பையன்கள் சேர்ந்து நடத்தும் ‘டெப்போ பாய்ஸ்’ என்ற டீமில் ரணகளம் வந்தால் எதிராளி பாதி தோற்ற மாதிரி. மைக்கில் பேசவே மாட்டாள், சொல்ல வேண்டியதைத் தட்டெழுதுவாள். ஊமை அண்ணாத்தே என்று அவளுக்குச் செல்லப் பெயர்கூட உண்டு.

அன்று விரல் தவறிப் பட்டு மைக் திறந்துகொண்டது. அது தெரியாமல் கிணற்றடியில் ஒற்றை ஆளாக மூன்று பேரைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். சரியாக அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

“யோவ், அந்த கேஸ ஆஃப் பண்ணேன்யா! கல்லு மாதிரி குந்திகினு கீறியே!” என்று அவள் உதயகுமாரைப் பார்த்துப் போட்ட சத்தம் ஐயப்பன்தாங்கல் வரைக்கும் கேட்டது.

உடனே ஒருவன், “மாமே, நம்ம ரணகளம் ஆன்ட்டிடா!” என்றான். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. டீம் கேப்டன் சந்தோஷ், மாங்காட்டுப் பையன், “ஆன்ட்டி, பருப்பு வெந்துச்சா?” என்று கேட்டான். அந்த ஆட்டத்தை அவள்தான் ஜெயித்துக் கொடுத்தாள். ஜெயித்த கையோடு அவளை டீமிலிருந்து தூக்கிவிட்டு ஒரு மெசேஜ் போட்டான்: ‘சாரி ஆன்ட்டி. இது சீரியஸ் டீம். நீங்க போய் சீரியல் பாருங்க.’

யாருக்குத்தான் எரியாது, சொல்லுங்கள்! பகல் முழுக்க அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் காருக்குள் போகிற ஒயர்களைக் கட்டுகிறாள். அங்கே அவள் பெயர் ‘ஏம்மா’. தெருவில் ‘மெக்கானிக் பொண்டாட்டி’. ரணகளம் என்ற பெயர் ஒன்றுதான் அவளே வைத்துக்கொண்டது, அவளே சம்பாதித்தது. அதையும் பிடுங்கிக் குப்பையில் போட்டானே பாவி!

பதில் அனுப்பினாள்: ‘ஞாயித்துக்கெழம காலைல என் டீமோட வரேன். நான் தோத்தா ரணகளத்த அழிச்சிட்டுப் போய்டறேன். நீ தோத்தா மைக்குல மன்னிப்பு கேக்கணும்.’ சிரிக்கிற மூஞ்சிகள் வரிசையாக வந்தன. கடைசியில் ‘டன்’ என்று வந்தது.

“உட்டுத் தள்ளு யுவா. கேம் தான?” என்றான் உதயகுமார்.

“உனுக்கு கேமு. எனுக்கு இல்ல” என்றாள். மறுபடி தட்டுகள் பேச ஆரம்பித்தன.

சவால் விட்டாளே தவிர, டீம் எங்கே இருக்கிறது? நாலு பேர் வேண்டும், இவள் ஒருத்தி. மீதி மூன்று பேருக்கு எங்கே போவது? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி வேன்தான். மாங்காட்டில் கிளம்பி, பூந்தமல்லியைச் சுற்றி, ஆவடி வழியாக அம்பத்தூர் போகிற வேன். கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால் பெண்கள் போனைக் கையில் வைத்திருப்பதே அந்த வேனுக்குள்தான்.

மறுநாள் காலையில் சபீனாவிடம் தொடங்கினாள். சபீனா அவள் பக்கத்து சீட், பத்து வருஷத்துப் பழக்கம், கத்தரிக்கோல் வாய். ஆட்டத்தை விளக்கி முடிப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இரு இரு. கொடத்த எட்த்துகினு தண்ணிக்கு அட்ச்சிக்கணும். அதான கேமு? ஏன்டி, லாரி வந்தா தெருவுல அட்ச்சிக்கிறது பத்தலன்னு போன்ல வேறயா?”

வேன் முழுக்கச் சிரித்தது. யுவராணி விடவில்லை. மனசுக்கு நல்லது என்றாள். மூளை சுறுசுறுப்பாகும் என்று டாக்டரே சொன்னதாக அளந்தாள். எந்த டாக்டர் என்று சபீனா கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பருத்திப்பட்டு தாண்டி ஆவடியில் பானுப்பிரியா ஏறினாள். டாங்கி பேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம், வாயைத் திறந்தால் இன்னும் அந்த ஊர் வாடை அடிக்கும். “எனக்கு யாரையும் அடிக்க வராதுட்டி. கொசுவ அடிக்கவே கை கூசும்” என்றாள். கடைசி சீட்டில் அஞ்சலை. கம்பெனியைக் கூட்டித் துடைக்கிறவள், வேனிலேயே மூத்தவள். மகன் வாங்கிக் கொடுத்த போனில் போட்டோ பார்ப்பதோடு சரி. “எம் பையன் வாங்கிக் குட்த்த போனு, ஒட்ஞ்சிடப் போவுது. ஆள உடு” என்றாள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போதும் யுவராணி கெஞ்சினாள். சனிக்கிழமை காலையிலும் கெஞ்சினாள். குலோப்ஜாமூன்கூடச் செய்து டப்பாவில் கொண்டுவந்தாள். ஜாமூனைத் தின்றார்கள், ஆட்டம் வேண்டாம் என்றார்கள்.

“அப்டி இன்னாடி தலபோற காரியம் அதுல?” என்று விரலை நக்கிக்கொண்டே கேட்டாள் சபீனா.

யுவராணிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டாள். குக்கர் விசில் அடித்தது, அவள் கத்தியது, பையன்கள் சிரித்தது, பருப்பு வெந்ததா என்று கேட்டது, சீரியல் பார்க்கச் சொன்னது, பெயரையே பந்தயம் வைத்தது, எல்லாம். “ஜெயிச்சிக் குட்த்தேன் சபீ. ஜெயிக்க வெச்சதும் தொறத்திட்டானுங்க. குக்கர் சத்தம் கேட்டா நான் ஆடாதவளா ஆய்டுவனா?”

பானுப்பிரியா, கொசுவை அடிக்கக் கை கூசும் பானுப்பிரியா, மெதுவாகக் கேட்டாள்: “அவன் எவன்ட்டி?”

“பருப்பு வெந்துச்சான்னா கேட்டான்? அந்தப் பருப்ப துன்னுதான அவன் வளந்தான்?” என்றாள் சபீனா. போனை நீட்டினாள். “இந்தா, அந்த எழவ ஏத்து இதுல. டீமு பேரு இன்னா வெச்சிகிறே?”

“இன்னும் வெக்கல.”

“ஆன்ட்டிப் படைன்னு போடு.”

யுவராணிக்கு முகம் சுருங்கியது. “அந்த வார்த்தையே வாணாம் சபீ.”

“போட்றீ! அவனுங்க சொன்னாத்தான் திட்டு. நாமளே சொன்னா பேரு.”

கடைசி சீட்டிலிருந்து அஞ்சலையின் போன் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. “எனுக்கும் ஏத்து. ஒட்ஞ்சா ஒட்ஞ்சிட்டுப் போவுது” என்றாள்.

சாயங்கால வேனில் ஆட்டப் பயிற்சி ஆரம்பமானது. அதை நினைத்தால் இப்போதும் யுவராணி தலையில் அடித்துக்கொள்வாள். பானுப்பிரியா எதிராளியைக் கண்டால் வழி விட்டாள். சபீனா அடித்த அடியெல்லாம் சுவரில் விழுந்தது. அஞ்சலையோ, கிணற்றடியில் யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் தன் குடத்தைப் பின்னால் இறக்கி வைத்துவிட்டுக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

“யக்கா! கொடத்த உட்டுட்டு எங்க போற?”

“வரிசைல வெச்சிகிறேனே. நம்ம மொற வரச்சொல்ல வந்துக்கலாம். அதுக்குள்ள இன்னா அவசரம்?”

“அய்யோ, இங்க வரிசையே கெடையாதுக்கா! எதிர்ல கீறவன் எட்த்துகினு பூடுவான். கொடம் போனா நமக்குத் தண்ணி ஏது?”

“வெச்ச கொடத்த எட்ப்பானா? எவன் எட்ப்பான்? எட்த்துடுவானா?” என்று அஞ்சலை கண்ணை உருட்டினாள். அதைவிட மோசம், மற்ற இருவருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வெயில் காலத்தில் லாரித் தண்ணீருக்குக் காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற கைகள். ஆளில்லாத குடத்தை எவளும் நகர்த்த மாட்டாள். நகர்த்தினால் அன்றைக்கு அந்தத் தெருவில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். யுவராணி எவ்வளவு கத்தியும் மற்ற இருவரும் அஞ்சலையின் குடத்துக்குப் பின்னால் அவரவர் குடத்தை அடுக்கினார்கள். ரணகளத்தின் கதை நாளையோடு முடிந்தது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வேனைவிட்டு இறங்கும்போது அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கரையான்சாவடிக்கு வந்துவிட்டார்கள். நாலு பேரும் கட்டிலில் கால் மடக்கி உட்கார்ந்தார்கள். உதயகுமாரை அடுப்புக்குக் காவல் போட்டாயிற்று. ஆட்டம் தொடங்கும்போது எட்டுப் பேருடைய மைக்கும் திறந்திருந்தது, இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும்.

“வணக்கம் ஆன்ட்டிஸ். மெதுவா வாங்க, மூட்டு வலிக்கப் போவுது” என்றது சந்தோஷின் குரல்.

முதலில் பையன்கள் மளமளவென்று தண்ணீர் எடுத்தார்கள். ஒருவன் இறைக்க, மூன்று பேர் கழியோடு காவல். அவர்கள் தொட்டி பாதி நிறைந்துவிட்டது, பெண்கள் தொட்டியில் ஒரு குடம்கூட விழவில்லை. யுவராணி ஒருத்தி மட்டும் சுழன்று சுழன்று அடித்தாள். திரும்பிப் பார்த்தால், கிணற்றுக்குப் பக்கத்தில் மூன்று குடங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆட்களைக் காணோம். மூன்று பேரும் கோட்டைச் சுவர் நிழலில் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“போச்சு” என்றாள் யுவராணி. போனைக் கட்டிலில் எறிந்துவிடலாம் போல இருந்தது.

“மாமே, கொடத்த உட்டுட்டுப் போய்ட்டாளுங்கடா! தூக்குடா, தூக்கு!” என்று ஒருவன் கூவினான். காவலுக்கு நின்ற மூன்று பேரும் கழியைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு குடத்தைத் தூக்கினார்கள்.

அஞ்சலை அதைப் பார்த்தாள்.

“டேய்! எவன்டா அவன் வரிசைல கீற கொடத்த எட்றது!”

அந்தச் சத்தத்தில் அடுப்பருகே உதயகுமாரே எழுந்து நின்றுவிட்டான். பூந்தமல்லியில் லாரித் தண்ணீர் பிடித்த குரல் அது. மூன்று பெண்களும் சுவர் நிழலிலிருந்து கழியோடு பாய்ந்தார்கள். இப்போது எவளுக்கும் கை கூசவில்லை, எந்த அடியும் சுவரில் விழவில்லை. “வெச்ச கொடத்துல கைய வைப்பியாலே!” என்று பானுப்பிரியா போட்ட போட்டில் ஒருவன் நேராக வாசலுக்குப் போனான். பையன்கள் கையில் குடம் இருந்தது, கழி இல்லை. இறக்கி வைக்கலாமென்றால் மைக்கில் விழுகிற வசவில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்றே தெரியவில்லை. “அய்யோ ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி” என்று ஒருவன் நிஜமாகவே கெஞ்சினான். கிணற்றடியில் தனியாக நின்ற சந்தோஷை யுவராணி முடித்தாள்.

வாசலிலிருந்து பையன்கள் மறுபடி வர வர அடித்தார்கள். அதற்கு நடுவிலும் தண்ணீர் வரிசைப்படிதான் எடுக்கப்பட்டது. “அஞ்சலக்கா மொதல்ல, நான் ரெண்டாவது, பானு அப்பறம்” என்று சபீனா முறை சொல்லிக்கொண்டே இருந்தாள். காவல் யுவராணி. ஆன்ட்டிப் படையின் தொட்டி வழிந்தது.

கட்டிலே ஆடியது. அஞ்சலை இரண்டு கையாலும் யுவராணியின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். யுவராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெயர் பிழைத்துவிட்டது.

மைக்கில் சந்தோஷ் தொண்டையைக் கனைத்தான். “சாரிக்கா.”

“இன்னா அக்கா? டீம் பேர பாத்து சொல்லு” என்றாள் சபீனா.

“சாரி... ஆன்ட்டி. நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது.” கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி பேசினான். “ரணகளம் இல்லாம எங்க டீம் டீமே இல்ல. திரும்ப வந்துடுங்க, நீங்களே கேப்டன். மைக் மட்டும் முன்ன மாதிரியே ஆஃப்ல இருந்தா நல்லாருக்கும். பசங்க ஒரு மாதிரி ஃபீல் பண்றானுங்க.”

அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. உதயகுமார் அடுப்பை அணைக்கப் பாய்ந்தான்.

“உடுய்யா. அடிக்கட்டும்” என்றாள் யுவராணி. போனை எடுத்துக்கொண்டு போய் அடுப்பு மேடையில், குக்கருக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த விசில் முழுசாக அடித்து முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“கேட்டுச்சா தம்பி? நான் கீற எடத்துல இதுவும் இருக்கும். நான் எங்கயும் வரல. ஆடணும்னா நீ இங்க வா.”

கட்டிலிலிருந்து அஞ்சலை கத்தினாள்.

“ஏய் யுவா, அங்க இன்னா பேச்சு? அடுத்த ஆட்டம் எப்போ? நான் கொடம் வெச்சாச்சு!”